குளவி விட்ட அப்பிள் தோட்டம்

ஒவ்வொரு செப்டெம்பரும் அப்பிள் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கடையில் ஒரு பை வாங்கி வந்து சமாளிப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை மேல்மாடியில் இருக்கும் பவளம் அன்ரி விடவில்லை. மருந்தடிக்காத பழம்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டோர்செட் பார்க் வீட்டிலிருந்து புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே அறுபது கிலோமீற்றர், நெரிசல் இல்லாவிட்டால் ஐம்பது நிமிடம். பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், தோட்டம் வரை பஸ் கிடையாது.

கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மட்டும்தான் நின்றது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ரகு ஓடிவந்தார்.

"மருந்து ஒண்டும் அடிக்கிறேல்லைத்தானே தம்பி?" காரில் இருந்தபடியே அன்ரி கேட்டார்.

"இல்லை அன்ரி. குளவிதான் விடுறனாங்கள்."

அன்ரி கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"உது கடிக்காது அன்ரி. கண்ணுக்கே தெரியாது!"

"கண்ணுக்குத் தெரியாட்டி இன்னும் மோசமெல்லோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரகுவுக்கு வரவில்லை. "உந்தச் சொல்லாலைதான் அண்ணை கெட்டன். 'மருந்தில்லை, குளவிதான்' எண்டு எங்கடை ஆக்களின்ரை வட்சப் குறூப்பிலை பெருமையாப் போட்டன். புக் பண்ணின அவ்வளவு பேரும் கான்சல். இது முதல் விளைச்சல். பழம் விழுந்து அழுகினா அடுத்த வருசம் நான் இஞ்சை இல்லை."

பாவமாக இருந்தது. ஒருவழியாக அன்ரியை இறக்கினோம். கிளையில் தொங்கிய தபால் முத்திரை அளவு அட்டையை ரகு காட்டினார். கோடையில் அதில் ஒட்டியிருக்கும் முட்டைகளிலிருந்து வெளிவரும் பொடிக்குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். பழத்தைத் துளைக்கும் புழு பிறக்காது, குளவிதான் பிறக்கும்.

அன்ரி அட்டையை உற்றுப் பார்த்தார். "அப்ப, குளவி கூடு கட்டினா வீட்டிலை பிள்ளை பிறக்கும் எண்டுறது உதுதானோ?"

"உது கூடு கட்டாது அன்ரி..." ரகு தொடங்கினார்.

"நீர் சும்மா இரும்."

திரும்பும் வழியில் அன்ரி அதே குறூப்புக்குக் குரல்பதிவு அனுப்பினார்: "குளவி ஒருத்தரையும் கடிக்கேல்லை. நல்ல பழம். புதுசாக் கலியாணம் கட்டினதுகள் கட்டாயம் ஒருக்காப் போட்டு வாங்கோ." தடுத்திருக்கலாம். ரகுவின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு காரோட்டினேன்.

அடுத்த சனி மாலை ரகு அழைத்தார். "அண்ணை, மரத்திலை ஒரு பழம் மிச்சமில்லை! ஆனா எல்லாரும் சோடி சோடியா வந்து குளவி அட்டை கேக்கினம். குளவி எப்பவோ பறந்திட்டுது, எல்லாம் வெறும் அட்டை, அதையும் கழட்டிக்கொண்டு போட்டினம்."

அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு: பத்து இறாத்தல் பை முப்பது டொலர். புல் ஈரமாக இருக்கும், பழைய சப்பாத்து போடுங்கள். புழு துளைத்த பழம் ஒன்றிரண்டு வரலாம், வெட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். தயவுசெய்து அட்டைகளைக் கழற்றாதீர்கள். குளவி அப்பிளுக்குத்தான் உத்தரவாதம். மற்றதற்கு நீங்கள்தான் பொறுப்பு.