விளக்கு வைத்தபின் சொல்லாத பெயர்

எங்கள் வீட்டில் யாரையும் நான் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. புருஷன் எருமை. பேரப்பிள்ளைகள் குரங்குகள். கேட்க முன்னமே முந்திக்கொண்டு கதைக்கும் பக்கத்து வீட்டுக்காரி முந்திரிக்கொட்டை. புருஷனின் தங்கை, என் மச்சாள், கோபம் வந்தால் கழுத்தை நிமிர்த்தி மூக்கால் சீறுவாள். ஆகையால் அவள் நாகபாம்பு.

அதுவும் பகலில் மட்டும்தான். விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னால், கூப்பிட்டதென்று நினைத்து அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பது எங்கள் பயம். அந்த நேரத்தில் அதற்குப் பெயர் பூச்சி. இல்லையென்றால் கயிறு. நல்லபாம்பென்றால் பாதியை விழுங்கிவிட்டு 'நல்லது' என்போம். பொழுதுபட்ட பிறகு மச்சாளை ஏச வேண்டி வந்தால் நானும் 'போடி பூச்சி' என்றுதான் ஏசுவேன்.

போன மாரிக்குக் கொஞ்சம் முன்னம், ஒருநாள் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்கிறேன், கோழிக்கூட்டடியிலிருந்து அவளின் சத்தம். அவளுக்கு நானும் மச்சாள்தான்.

"மச்சாள், காலிலை பூச்சி கடிச்சுப்போட்டுது."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. வெறும் பூச்சியா, அந்தப் பூச்சியா?

"என்ன பூச்சியடி?"

"பூச்சிதான்."

"உண்மையான பூச்சியோ?"

"பொய்ப் பூச்சி கடிக்குமே?"

டோர்ச் அடித்துப் பார்த்தேன். குதிக்காலுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி.

"நீளமோ?"

"நீளம்."

"நூறு காலுள்ள மட்டத்தேளோ?"

"அதுக்குக் கால் இல்லை."

அதற்குப் பிறகு எனக்கும் கால் இல்லாத மாதிரித்தான் இருந்தது. முந்திரிக்கொட்டையின் புருஷன் ஓட்டோவைக் கொண்டு வந்தார். யாரும் கூப்பிடாமலே முந்திரிக்கொட்டை அதில் முதலில் ஏறியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன டொக்டர் பிள்ளை. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவளாம், இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். அன்பாகத்தான் கேட்டாள்.

"என்னம்மா கடிச்சது?"

"பூச்சி, பிள்ளை," என்றாள் மச்சாள்.

"குளவியா, வண்டா?"

"இல்லை. கயிறு."

"கயிறா?"

"ஓம், கயிறுதான்," என்று முந்திரிக்கொட்டை முந்தினாள்.

டொக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கயிறு அறுத்ததா, பூச்சி கடிச்சதா? ஒண்ணைச் சொல்லுங்கம்மா."

"நல்லது," என்றாள் மச்சாள்.

"நல்லது. சொல்லுங்க, என்ன கடிச்சது?"

"அதைத்தானே சொல்லுறன். நல்லது."

டொக்டர் மருந்துத் துண்டில் எழுதினாள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'பூச்சிக்கடி' என்று கூட்டி முடிக்கும்போதே, மச்சாளின் இரண்டு இமையும் கீழே சரிந்துகொண்டிருந்தன. நித்திரை வருகிறது என்றாள். விளக்கு வைத்த நேரத்தில் அவள் என்றைக்கு நித்திரை கொண்டவள்?

விஷத்துக்கு மருந்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். நான் ஒரு சொல் சொன்னால் வரும். நாற்பது வருடமாகப் பகல் முழுக்கச் சொன்ன வாய் இது. ஆனால் நாக்கு புரளவில்லை. சொல்லாவிட்டால் செத்துப்போவாளே என்று ஒரு பயம். சொன்னால் அது திரும்பவும் தேடி வந்து மிச்சத்தையும் முடித்துவிடுமோ என்று இன்னொரு பயம். எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் நின்றேன்.

"பிள்ளை, பகலிலை நான் இவளை என்னெண்டு ஏசுறனோ, அதுதான் கடிச்சது," என்றேன் கடைசியில்.

"என்னன்னு ஏசுவீங்க?"

நான் யன்னலுக்கு வெளியே இருட்டைக் காட்டினேன். ஆனால் கட்டிலில் கிடந்தவளுக்கு நாற்பது வருடக் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமலே கழுத்தை நிமிர்த்தினாள்.

"நாகபாம்பெண்டு, பிள்ளை. ஊரெல்லாம் சொல்லித் திரியிறவள், என்னை நாகபாம்பெண்டு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு விளங்கி, கையால் வாயைப் பொத்தினாள். டொக்டர் பிள்ளை அதற்குள் மருந்துக்கு ஓடிவிட்டாள்.

நாலைந்து நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். கண் திறந்து பேச்சும் சரியாக வந்தவுடன் மச்சாள் என்னிடம் கேட்டது இதுதான்:

"ஆரடி பொழுதுபட்டாப் பிறகு அதின்ரை பேரைச் சொன்னது?"

"நீதான்."

"நீதான் சொல்ல வைச்சனி. பகல் பகலாய்க் கூப்பிட்டு அதை வீட்டு வளவுக்குள்ளை வரப் பண்ணினதும் நீதான். இனி என்னை உப்பிடிக் கூப்பிடாதை."

நான் கூப்பிட்டதால் வந்ததா, அவள் கூப்பிட்டதால் போனதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் அவளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. கோழி என்று பார்த்தேன், கூட்டடி ஞாபகம் வருகிறது என்றாள். இப்போது பகலிலும் அவளை 'நல்லது' என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் அதற்குச் சீறிக்கொண்டே வருகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒற்றுமை வந்துவிட்டதென்று முந்திரிக்கொட்டை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.