வாசலில் மாட்டிய வாட்டர் பம்ப்

பள்ளிக்கூட வேன் தொழிலில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டு. வண்டிக்குச் சரியில்லை என்றால் கிடையாது. போர்ட் பிளேரில் பழைய வண்டியை வைத்துக்கொண்டு, மெயின்லேண்டிலிருந்து சாமான் வரும் கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

முன்சீட்டு

என் வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை டெய்ரி ஃபார்ம் பக்கத்து ஏற்றத்தில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனதை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைதான் நெளிந்துகொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இன்ஜினைக் குளிரவைக்கும் வாட்டர் பம்பிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. என்னவென்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "ஆன்ட்டி, சீட்டுக்கு ஜுரம் அடிக்குது."

போட்டிக்காரர்

பின்னாலேயே அப்பாராவின் வேன் வந்தது. அதே பள்ளிக்கு ஓட்டுகிற தெலுங்குக்காரர். போன வருஷம் என் வேனில் வந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் போய்விட்டதால் எங்களுக்குள் பேச்சு குறைவு. ஒன்றும் கேட்காமல் என் வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு, திரும்பி வந்து என்னுடையவர்களைக் கூட்டிப்போனார். இனி இவர்களும் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

நன்றி சொல்லப் போனபோது அதையும் மறைக்காமல் சொன்னேன். காதைத் தேய்த்துக்கொண்டு இந்தியில் பதில் சொன்னார், தமிழில் இப்படி வரும்: "உங்க பிள்ளைங்க ரொம்பச் சத்தம் போடுறாங்க. சீக்கிரம் வண்டியைச் சரிபண்ணிக் கூட்டிட்டுப் போயிடுங்க."

சாத்தத்துக்கு அக்கரை

வெள்ளிக்கிழமை காலை, என் வேனில் வரும் நிவேதாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. சென்டர் வேறு பள்ளியில், அப்பாராவின் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம். அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். அபர்டீன் பஜாரில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம், "அடுத்த கப்பல்ல வரும்" என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், கடலுக்கு அக்கரையில் பம்பூஃபிளாட்டில் இதே வண்டி வைத்திருக்கும் ஒருவர் பம்ப் ஒன்று கூடுதலாக வாங்கினார் என்றார்.

சாத்தம் படகுத்துறையில் படகேறிப் போய் அவரைக் கண்டுபிடித்தேன். ராமநாதபுரத்துக்காரர். பெட்டி பிரிக்காத பம்பை எடுத்துவந்து கையில் கொடுத்தார். உங்கள் வண்டிக்கு வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "என் வண்டி இன்னும் ஓடுது, உன் வண்டி நின்னுபோச்சு. இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

ஷோபா தீதி

மெக்கானிக் ஒரு கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போயிருந்தார். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில், நிகோபார் பக்கம். மெக்கானிக்கோடு நின்று ஒருமுறை பார்த்த தைரியத்தில் வியாழக்கிழமை வீட்டு வாசலில் நானே சீட்டைத் தூக்கினேன். பெல்ட்டைக் கழற்றியாயிற்று. உப்புக்காற்றில் துருவேறிய ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை. முறிந்தால் எல்லாம் போச்சு. எண்ணெய் ஊற்றிவிட்டு அது ஊறக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா ஷோபா தீதி தார்ப்பாயோடு வந்தார். என் தலைக்கு மேல் அதைப் பிடித்தபடி, தானே நனைந்துகொண்டு நின்றார். போல்ட் இளகியபோது இரண்டு பேருமே மூச்சு விட்டோம்.

பம்புக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டி, புதிய பம்பை மாட்டினேன். ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். தீதி தன் வீட்டு டிரம்மிலிருந்து முகர்ந்து வந்தார். மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். உள்ளேயிருந்த காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறியது. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தீதிதான் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு சொட்டு விழல. எங்க வீட்டுக் குழாய் மாதிரியே இருக்கு."

வெள்ளிக்கிழமை

நிவேதா வீட்டுச் சந்தில் திரும்பும்போது பாதிக் கண் ரோட்டில், பாதிக் கண் சூட்டு முள்ளில். அவள் ஹால் டிக்கெட்டும் கையுமாக வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுடைய அம்மா வேன் ஜன்னலருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "ஆட்டோ பிடிக்கலாம்னு சொல்லிப் பார்த்தேங்க. ஆன்ட்டி வருவாங்கன்னு ஒரே பிடியா நின்னுட்டா."

இவ்வளவையும் தனி ஆளாக வீட்டிலேயே முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் இந்தத் தீவில் அதை நம்புகிற ஆள் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார்.