சொந்தமாக வாங்கிய கேசட்

அண்ணன் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோனபோது மயிலாப்பூர் வீட்டில் விட்டுப் போனவை இரண்டு. ஒன்று அண்ணன் பையனின் வீடியோ கேம் பெட்டி, மற்றொன்று நான். அந்த ஊர் கரண்ட் ஒத்துக்கொள்ளாது என்று அண்ணி சொன்னார். பெட்டியைப் பற்றித்தான் சொன்னார். நான் இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எனக்கு முப்பத்து மூன்று வயது, தேனாம்பேட்டையில் குமாஸ்தா வேலை, எனக்குப் பெண் பார்ப்பதில் வீட்டாருக்கே அலுப்புத் தட்டியிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலை வரை வாயைத் திறக்க அவசியமே இருக்காது. ஒரு ஞாயிறு சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போது தொண்டை கட்டியிருந்தது. ஜலதோஷமா என்று கேட்டார். இல்லை, பேசாததால் வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெட்டியைத் துடைத்து டிவியில் மாட்டினேன்.

மந்தைவெளியில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. வாரப் பத்திரிகை, நாவல், அவற்றோடு ஒரு அலமாரி நிறைய கேம் கேசட். டெபாசிட் கட்டி கார்டு வாங்கி, மாதச் சந்தா கட்டினால் ஒவ்வொன்றாக எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்ப வேண்டும். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது, "அண்ணன் பையனுக்கு" என்றேன். மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு வேறு என்ன சொல்வது?

"சொந்தமாவே வாங்கிடலாமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார்? ஒண்ணையே வச்சுகினு எத்தினி நாள் ஆடுவான் பையன்? சந்தா கட்டினா இந்த அலமாரியே உங்களுது."

நான் எடுத்தது வாள் வீரன் ஒருவன் ஊர் ஊராகச் சுற்றும் ஆட்டம். அந்தக் கேசட்டில் ஒரு வசதி. விட்ட இடத்தைச் சேமித்துவைக்க உள்ளே மூன்று அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆங்கில எழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும். முதல் அறைக்கு என் பெயரை வைக்கக் கூச்சப்பட்டு 'சும்மா' என்று அடித்தேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அதையே எடுத்து வந்து மாட்டினால், இரண்டாவது அறையில் ஒரு பெயர் இருந்தது. 'நானும்'.

யாரோ ஒரு மெம்பர் வாரத்தின் நடுவில் அதை எடுத்துப் போய், என் பெயருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது அறை காலியாகக் கிடந்தது. அதில் 'சாப்டாச்சா' என்று அடித்தேன். ஆங்கிலத்தில் எண்ணி எட்டு எழுத்து, அளவெடுத்த மாதிரி. அடுத்த வாரம் அதை அழித்துவிட்டு 'ஆச்சு' என்று வைத்திருந்தார். ஆணா பெண்ணா, கிழவரா, பத்தாம் வகுப்புப் பிள்ளையா, தெரியாது. கடைக்காரரைக் கேட்கலாம்தான். ஆனால் அண்ணன் பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்பார். இப்படியே மூன்று நான்கு மாதம் ஓடியது. வாரத்துக்கு ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள், வெள்ளிக்கிழமையே எனக்குச் சோறு இறங்காது.

பிறகு ஒரு சனிக்கிழமை மூன்றாவது அறையில் எவனோ ஒரு வாண்டு வரிசையாக எக்ஸ் எக்ஸ் என்று அடித்து வைத்திருந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை கேசட்டே கடையில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்த வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்து படிக்காமல் தூக்கிப் போட்டேன். அந்த வாண்டு நாளைக்கு இரண்டாவது அறையையும் அழித்தால்? அதற்கடுத்த வாரம் கேசட் அலமாரியில் தெரிந்ததும், விலை என்னவானாலும் சரி, சொந்தமாகவே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பையன் ரொம்பத்தான் ஆசைப்படுகிறான் போல என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். எக்ஸ் எல்லாம் போயிருந்தது. அந்த இடத்தில் 'பேர் என்ன' என்று இருந்தது.

அண்ணன் ஊரைவிட்டுப் போனபின் என் பெயரை ஆபீஸ் வருகைப் பதிவேட்டையும் லைப்ரரி கார்டையும் தவிர வேறெங்கும் யாரும் கேட்டதில்லை. அழித்துவிட்டு என் முழுப் பெயரையும் அடித்தேன். ஓர் எழுத்து இடிக்க, அதை விட்டுவிட்டு அடித்தேன். ஞாயிறு முழுவதும் சந்தோஷமாக ஆடினேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. இதை இனித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. என் பெயர் என் பையிலேயே இருக்கிறது.

கடைக்குப் போய் உண்மையைச் சொல்ல வெட்கம். அந்த வெட்கம் ஐந்து நாளைத் தின்றது. சனிக்கிழமை போய்க் கேசட்டை மேஜைமேல் வைத்து, "பணம் வேண்டாம், பழையபடி அலமாரியில் வைங்க. ஆடுறது நான்தான். இதை எடுத்துட்டுப் போற இன்னொரு மெம்பர் யாரு?" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்களா? செவ்வாக்கெழம வந்தாங்க சார். வித்தாச்சுன்னேன். கொஞ்ச நேரம் அலமாரியவே பாத்துகினு நின்னாங்க. அப்பால கார்ட குடுத்துட்டு டெபாசிட்ட வாங்கினு பூட்டாங்க."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வாங்கினது யாரு, பேரு இன்னான்னு கேட்டாங்க. மெம்பருங்க பேரெல்லாம் நான் வெளில சொல்றதில்ல சார்."

பேசாமல் சந்தாவிலேயே இருந்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை என் பெயர் தானாகவே அவர் கைக்குப் போயிருக்கும்.