மஞ்சள் பூசிய அளவுக்கல்

இன்று காலையில் சின்னவன் புது ரோட்டில் ஓடிவிட்டு, உள்ளங்கால் முழுக்கத் தாரோடு வந்து நின்றான். உங்கள் அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துத் திட்டினாள். நான் திட்டவில்லை. தார் வாசனை மூக்கில் ஏறினால் நான் ராயபுரத்துக்குப் போய்விடுவேன். அங்கே எங்கள் சந்தில் யாராவது ஒருவர் எப்போதும் படகுக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளே, அந்தச் சந்தை நீங்கள் பார்த்ததில்லை. பெரியவள் மட்டும் அங்கே தவழ்ந்திருக்கிறாள். ஒரு கைவண்டி உள்ளே வந்தால், எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்கவேண்டும். ஏறியவருக்கு அந்த வீட்டின் வெற்றிலையோ வசவோ கிடைக்கும். பக்கத்திலேயே ரயில் பாதை. உங்கள் அம்மா என் வேட்டியை வெளுப்பாகத் துவைத்துக் காயப்போடுவாள்; என்ஜின் ஒன்று கரியை ஊதிக்கொண்டு போகும்; வேட்டி புள்ளிமான் ஆகிவிடும். அதைக் கட்டிக்கொண்டுதான் நான் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணப் போவேன். காதில் பென்சில் செருகியிருந்ததால் என்னைப் பெரிய உத்தியோகஸ்தன் என்று நினைத்திருந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஒருநாள் சங்கிலியும் கொடியுமாகச் சர்க்கார் ஆட்கள் அளக்க வந்தார்கள். ஸ்டேஷனுக்கும் துறைமுகத்துக்கும் போகிற வண்டிகள் முட்டிக்கொள்கின்றன, பட்டணத்தைச் சீர்ப்படுத்தப் போகிறோம் என்றார்கள். நல்ல காரியம் என்று நானும் தலையாட்டினேன். சந்து முனையில் எங்கள் வீடு, அடுத்தது கட்டுமரக்காரர் கன்னியப்பன் வீடு. இரண்டையும் தாண்டி ஒரு கருங்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் பெரியவளுக்கு அம்மை வார்த்தது. பிழைப்பாள் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மை இறங்கியது. தலைக்கு ஊற்றும்போது, மிஞ்சிய மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரை யார் காலும் படாத இடத்தில் கொட்டவேண்டும் அல்லவா? அந்தச் சந்தில் அப்படி ஓர் இடம் ஏது? கல்லின் தலைதான் இருந்தது. உங்கள் அம்மா அதில் ஊற்றினாள். பிறகு கன்னியப்பன் மகனுக்கு இறங்கியது, அவர்களும் ஊற்றினார்கள். அப்புறம் சந்து முழுவதும். ஆடி மாதம் கல்லுக்குச் சிவப்புப் பாவாடை கட்டிக் கூழ் ஊற்றினோம்.

அன்றைக்குச் சங்கிலி பிடிக்கும் ஆள் அந்தப் பக்கம் வந்தான். கூழை வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"இன்னாம்மா, அளவுக்கல்லுக்குப் பாவாடை கட்டிகீறீங்க?"

குடித்து முடித்ததும் என்னைத் தனியே அழைத்தான்.

"நைனா, பழைய ரோட்லருந்து இந்தக் கல்லு வரிக்கும் ரோடு ஆவப்போவுது. உன் வூடும் பக்கத்து வூடும் பூடும்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"வண்டி இடிச்சு உருண்டு கெடக்கற கல்ல, கெடக்கற எடத்துலியே நட்டுட்டுப் போறவன் நானு. அவ்ளோதான் சொல்வேன். கூழு நல்லா கீது."

கல் சந்து முனைக்கு உருண்டால் இரண்டு வீடும் தப்பும். அன்று சாயங்காலமே கன்னியப்பன் கடப்பாரையோடு வந்தார். வந்தவர் கல்லின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"சுறாவுக்குப் பயந்ததில்ல மாமு. இதுக்குக் கால் ஒதறுது."

அவர் மனைவி வாசலிலிருந்து சொன்னாள்: "கை வெச்சுட்டு நாளிக்கிக் கடலுக்குப் போயி வந்துருவியா நீ?"

கன்னியப்பன் கடப்பாரையை என்னிடம் நீட்டினார். "நீ நவுத்து. நீதான் பென்சில் வெச்சிகினு கீற. படிச்சவன சாமி ஒண்ணும் பண்ணாது."

உங்கள் அம்மா பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எம் பொண்ணத் திருப்பிக் குடுத்த கல்லு" என்றாள். நான் கல்லின் மேல் கை வைத்தேன். விரலெல்லாம் குங்குமம். அதை நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் பெண்கள் கல்லுக்குப் பொங்கல் வைத்தார்கள். வீட்டை எடுக்கப்போகிற கல்லிடமே வீட்டைக் காப்பாற்று என்று எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். நானும்தான்.

பிறகு எங்கள் இரண்டு வீட்டையும் இடிக்க வந்த கூலியாட்களும் நம்மைப் போன்றவர்களே. தலைத்துண்டை அவிழ்த்துக் கல்லைக் கும்பிட்டார்கள். ஒருவன் உங்கள் அம்மாவிடம் குங்குமம் கேட்டு வாங்கி இட்டுக்கொண்டான். அப்புறம் எங்கள் சுவரில் கடப்பாரையைப் போட்டான். அவனை என்னவென்று திட்டுவது?

கன்னியப்பன் குடும்பம் கரையோரமாக வடக்கே போயிற்று. எண்ணூர் என்றார்கள், இன்னும் அப்பால் என்றார்கள். நாங்கள் இந்தக் காலடிப்பேட்டைக்கு வந்தோம்.

இரண்டு வருஷம் முன்பு சின்னவனுக்கு அம்மை வார்த்தபோது, உங்கள் அம்மா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, மேலே வேப்பிலை போட்டு என் கையில் கொடுத்தாள். "அங்கியே ஊத்திட்டு வாங்க" என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"செம்புல இன்னா நைனா, கள்ளா?"

"மஞ்சத் தண்ணி."

"இந்த வயசுல யார் மேல ஊத்தப் போற?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராயபுரத்தில் இறங்கினால் ரோடு அகலமாக, அழகாகத்தான் இருந்தது. விளக்குக் கம்பங்கள், லாரிகள், ஆபீசுக்கு ஓடுகிற ஜனங்கள். எங்கள் வாசல் எந்த இடம் என்றே பிடிபடவில்லை. ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன்.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சே, பாவாடை கட்டினது?"

"ரோடு போட்டு முடிஞ்சா அளவுக்கல்லு எதுக்கு? எட்த்துகினு பூட்டாங்க" என்றார் அவர், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் செம்போடு நடந்தேன். கால் படாத இடம் ஒரு சாண் கிடைக்கவில்லை. ஓரத்திலும் செருப்புகள், நடுவிலும் சக்கரங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா செம்பை வாங்கினாள். கனத்திலேயே தெரிந்துகொண்டாள். அதை அடுக்களை மூலையில் கொண்டுபோய் வைத்தாள். சின்னவன் எழுந்து தெருவில் விளையாடப் போன பிறகும் அது அங்கேயே இருந்தது.