வேட்டுக்குப் பிறகு வந்த தண்ணீர்

காலையில் செய்தித்தாளை விரித்தால் இரண்டு வரிக்கு மேல் மனம் ஓடுவதில்லை. வேங்கிக்காலில் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் நிலத்துக்குப் போய்விடுகிறேன். கிணற்றை எட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் நேற்று இருந்த மட்டத்திலேயே நிற்கிறது. வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடிவதில்லை.

சட்டக் கல்லூரியில் தீங்கியல் சட்டம் நடத்தியவன் நான். வெடி வைப்பது போன்ற ஆபத்தான வேலையை ஒருவன் தன் ஆதாயத்துக்காகச் செய்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கெடுதல் வந்தால், அவன் எத்தனை கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு அவனுடையதுதான். ‘ஜாக்கிரதையாகத்தான் செய்தேன்’ என்பது பதிலாகாது. வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் கிணறு வற்றியது. அடியில் பாறை. உரிமம் உள்ள ஆளை வரவழைத்தேன். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்து, பழைய டயர்களால் மூடி, சிவப்புக் கொடி நட்டு, “வேட்டு! வேட்டு!” என்று நாலு பக்கமும் கத்திய பிறகே வெடித்தார்கள். ஒரு சில்லுகூட வெளியே தெறிக்கவில்லை. மறுநாள் பாறைப் பிளவில் தண்ணீர் பீறிட்டது. என் மனைவி கற்பூரம் ஏற்றினாள்.

அந்த வாரமே பக்கத்து நிலத்து அம்மா வரப்பில் வந்து நின்றார். கணவரை இழந்து, தனியாகப் பயிர் வைப்பவர். அவர் கிணற்றில் ஊற்று நின்றுவிட்டது. அவர் போட்டிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பூத்து விழுது இறங்கும் சமயம்.

“சார், உங்க வேட்டுக்கு அப்புறம்தான் தண்ணி போச்சு.”

“பாத்து பாத்துதாம்மா செஞ்சோம். லைசென்ஸ் இருக்கு. என்மேல என்ன தப்பு?”

“தப்புனு நான் சொல்லலியே சார். தண்ணி எங்க போச்சுனுதான் கேக்கறேன்.”

அவர் முறையிட்ட ஊர்க் கூட்டத்திலும் நான் அதையே சொன்னேன். கூடவே, பூமிக்கடியில் நடப்பதை யார் கண்டது என்றேன். “சட்டம் படிச்சவரு சொல்றாரு” என்று எழுந்து போனார்கள். வகுப்பில் ஒரு மாணவன் அப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். மல்லாட்டை காய்ந்தது. அந்த அம்மா செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலைக்குப் போனார்.

போன மாதம் விடுதி வாசலில் அவரைப் பார்த்துச் சொன்னேன்: “சட்டப்படி அன்னைக்கே நான்தாம்மா பொறுப்பு. தெரிஞ்சேதான் மறைச்சேன். என் கிணத்துலருந்து பைப்பு போட்டுத் தரேன்.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “ஊர்ல என்னைப் பொய்க்காரினு சொன்னாங்களே சார். மொதல்ல அங்க சொல்லுங்க.”

சொன்னேன். அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“வேட்டு வெச்சது அன்னைக்கு. சத்தம் இப்பதான் வருதா சார்?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “சுவிட்ச் யாரு பக்கம் இருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

பைப்பு இழுத்து, தனி மோட்டார் போட்டு, அவர் நிலத்திலேயே சுவிட்ச் பெட்டி வைத்துச் சாவியையும் கொடுத்துவிட்டேன். அவர் நிலம் இன்னும் தரிசாகத்தான் கிடக்கிறது. அந்த மோட்டார் ஒரு நாளும் ஓடவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நடக்கிறேன்.