மெஹ்ஜபின் அடித்த டேக்

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் என்றால் மெஹ்ஜபின்தான். இருபத்திரண்டு வருஷமாகிறது. துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்மேலேயே இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

குண்டடத்துப் பக்கம் ஒரு காலேஜ்காரர்கள் நாற்பது பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து ஓயாமல் விழுகிற, கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணத்தான். துகள் பட்டால் பெட்டிக்குள் இருக்கும் பலகை லேசாக மினுங்கும், கருவி எண்ணிக்கொள்ளும். எள்ளளவு வெளிச்சம் புகுந்தாலும் கணக்கு நாசம். அதற்கான கறுப்பு உறைகளைத் தைத்தது இந்தக் கம்பெனி, நாற்பதையும் பார்த்து அனுப்பியது மெஹ்ஜபின்.

விடிந்தால் எண்ணிக்கை எகிறுகிறது, பொழுது சாய்ந்தால் அடங்குகிறது, உறையில் ஓட்டை இருக்கிறது என்று அங்கிருந்து போன் வந்தது. முதலாளி பெருமாள்சாமி திட்டவில்லை. "கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க. முடியலீன்னா பேக்கிங் பக்கம் மாத்திக்கலாம்" என்றார். அதற்கு நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். கண் போனால் செக்கிங் போச்சு, அது போனால் அவளுக்கு வேறென்ன தெரியும்? கண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அந்த உறைகளை ஒருதரம் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் குண்டடம் போய் இறங்கினாள். அங்கே ஆராய்ச்சி செய்கிற அன்புசெல்வி கருவியை அணைத்து ஓர் உறையைக் கழற்றித் தர, மெஹ்ஜபின் அதைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். உள்ளே கும்மிருட்டு. மெதுவாகத் திரும்பினாள். மூலையில் ஒரே ஒரு பொட்டு வெளிச்சம். தடவினால் விரலில் பிளாஸ்டிக் நூல் தட்டுப்பட்டது.

அவள் அடித்த டேக்!

பார்த்து முடித்த பீஸில், துணியை ஊசியால் துளைத்துப் பிளாஸ்டிக் நூலில் சீட்டு மாட்டும் டேக் கன்னை வைத்து ஒரு டேக் அடித்தால்தான் அது டேபிளைவிட்டு நகரும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. மற்ற உறைகளையும் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே மூலை, அதே பொட்டு. வேறெங்கும் ஒன்றுமில்லை. போன உசிர் திரும்பி வந்தது. உறைக்குள் நின்றபடியே சிரித்தாள்.

"என்னங்க்கா ஆச்சு?" என்றாள் அன்புசெல்வி.

"கறுப்பு டேப் இருந்தா கொண்டா, அம்மிணி."

நாற்பதிலும் டேக்கைப் பிடுங்கி டேப் ஒட்டினார்கள். மூணு மணி வெயிலிலும் எண்ணிக்கை எகிறவில்லை. "சக்தி கம்மியா வர்ற துகளுங்க நூத்துக்கு ஒண்ணு கூடறதும் குறையறதுந்தான் எங்களுக்கு வேணும். இனி தெரியுங்க்கா" என்றாள் அன்புசெல்வி.

மெஹ்ஜபின் அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டாள். "ஓட்டை நான் போட்டதுதானுங்க. பாத்தாச்சுன்னு டேக் அடிச்சனே, அதுதான்."

"அப்ப கண்ணு?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. வேணும்னா கையைக் காட்டிட்டு வாறேன்."