ஊதிவிட்ட கொசு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கடைக்காரர் கத்தரிக்காயைத் தானே பொறுக்கிப் போட்டால், பையைக் கவிழ்த்துப் பார்க்காமல் நான் நகர மாட்டேன். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவளுக்கு அந்தப் புத்தி இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளையார்பாளையத்தில் யானைக்கால் நோயை ஆராய்வதற்கென்று ஒரு தரும சங்கம் இருந்தது. பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். தறிக்குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நெசவாளர்களைக் கொசு பிடுங்கியெடுக்கும். அந்தக் கொசுக்களைப் பிடித்து வந்து அறுத்து, உள்ளே நோய்ப்புழு இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நோய் கண்டவர்களுக்கு மாத்திரையும் உண்டு. எல்லாவற்றையும் தலைமையேற்று நடத்திய பெரிய டாக்டர், பார்வை மங்கிப்போய் வெளியூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் தேடிய கமிட்டியில் நானும் இருந்தேன்.

படித்த பெண் ஒருத்தி வேண்டுமென்று என்னைப் போட்டார்கள். நான் ஒப்புக்கொண்ட காரணம் வேறு. என் மகளுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து, இடது பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது. இது எங்களையும் பெரிய டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும். விஷயம் வெளியே கசிந்தால் அவள் கல்யாணம் அவ்வளவுதான்.

முதலில் வந்தவர், கட்டடத்துக்குப் பின்னால் காலி மனை எவ்வளவு இருக்கும் என்று விசாரித்தார். இன்னொருவர் வாசலில் நின்ற நோயாளிகளைத் தாண்டி வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார். கடைசியாக வந்தவர் இளைஞர். சென்னையில் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கே வருகிறேன் என்றார். யாராவது அப்படிச் செய்வார்களா? அங்கே என்ன தப்புப் பண்ணினாரோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மணிக்கட்டில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அவர் அதை அடிக்கவில்லை, மெல்ல ஊதிவிட்டார்.

சங்கத் தலைவர் பட்டுக் கடை முதலாளி. அவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா டாக்டர், கொசுவ ஊதிக்கினு இருக்கீங்க? இங்க வேலையே அத அறுக்கறதுதாம்பா!”

“நாங்க ஜைனருங்க, பக்கத்துக் கிராமந்தான்” என்றார் அவர். “சென்னையிலயும் கொசுவ அறுத்துக்கினுதான் இருக்கேன். எங்கம்மாவுக்கு ரெண்டு காலும் யானைக்கால். அதுக்காகத்தான் இந்தப் படிப்பே படிச்சேன். வேலையில கொல்றதோட நிறுத்திக்கோ, மத்த நேரத்துல கை ஓங்காதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க பக்கத்துல இருக்கணும்னுதான் இங்க வரேன்.”

முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு கணக்குப் போட்டேன். பெற்ற தாயின் காலையே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கொண்டுவந்து வைக்கிறவர், என் மகள் காலை விட்டுவைப்பாரா? “இவர் வேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை. அவரையே நியமித்தார்கள்.

மகளை அவரிடம் அழைத்துப் போவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். வீட்டிலிருந்த மாத்திரை தீர்ந்தது. பாதம் செருப்புக்குள் நுழையாமல் அவள் அழுத அன்று என் பிடிவாதம் உடைந்தது. ஆள் நடமாட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, பாதத்தை அழுத்திப் பார்த்து, “வலிக்குதாம்மா?” என்று அவளையே கேட்டார்.

அப்போது பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். “அட, டீச்சரம்மா! பாப்பாவுக்கு இன்னா?”

அவர் வாய்க்குப் போனால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டாக்டர் மகளின் பாவாடை ஓரத்தைப் பாதத்தின் மேல் இழுத்துவிட்டார். மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்தார். “வாயத் தொறம்மா” என்றார். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

“தொண்டையில புண்ணுங்க” என்றார் முதலாளியிடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

“ஐஸ் துன்னுக்கினு இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். “பொய் சொல்லக் கூடாதுன்னும் சத்தியம் வாங்கியிருக்காங்க. இன்னிக்கு அம்மாகிட்ட எனக்குத் திட்டு இருக்குது” என்று முணுமுணுத்தபடி மறுபடி என் மகளின் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

யாருக்காகப் பொய் சொன்னதாக அம்மாவிடம் சொல்லுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.